சொல்லாமல் கொடுத்த மாத்திரை

மருமகள் குடிக்கிற பாலில் எதையோ கலந்து கொடுத்தேன் என்று ஒரு மாமியார் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவள் சொல்கிற எதையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். என்ன கலந்தாள், எதற்குக் கலந்தாள், எவ்வளவு கலந்தாள் என்றெல்லாம் நின்று கேட்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? எங்கள் மேல்வீட்டுக்காரி ஒருத்தி போதும், இதை வைத்தே ஆறு மாதம் பொழுதை ஓட்டிவிடுவாள். இந்தப் பயத்தில்தான் நான் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த ஐந்து நாள் என் மருமகளின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

எனக்கு வேலை பஸ் நிலையத்தில். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் கத்திக் கத்தி, வீட்டில் உப்பை எடு என்று சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். ஆக, வீட்டில் நானும் மருமகளும் மட்டும்.

அவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் வேலை. ருசி அறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து வருகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, உப்பு தூக்கலா, வெண்ணெய் வாசனை வருகிறதா, சரியாக நொறுங்குகிறதா என்று தாளில் எழுதவேண்டும்.

"பிஸ்கட் திங்கிறதுக்குச் சம்பளமா? நல்ல கம்பெனிடி" என்பேன்.

"நீங்க கத்துறதுக்கு வாங்குறீங்க, நான் திங்கிறதுக்கு வாங்குறேன். ரெண்டு பேரும் வாயாலதான பொழைக்கிறோம் அத்தை?" என்பாள். வாய்க்கு வாய் சளைக்காதவள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் கூண்டுக்கு போன் வந்தது. வேலை செய்துகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிக்கொண்டு கிடந்த முகத்தைப் பார்த்து, "இது எங்க பொண்ணு இல்லையே" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். உதடு அவ்வளவு வீங்கியிருந்தது. கண் இரண்டும் மூடிவிட்டது. கையில் அவள் வளையலைப் பார்த்துத்தான் அவள் என்று தெரிந்தது. தொடையில் ஒரு ஊசி போட்டு அவளைப் பிழைக்க வைத்தார்கள். ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் தொண்டை முழுசாக அடைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அலர்ஜி. ஆனால் எதனால் என்று தெரியவில்லை. அன்று காலையில் மட்டும் அவள் ஒன்பது வகை பிஸ்கட் கடித்திருந்தாள். முந்திரி, வேர்க்கடலை, எள், முட்டை, பால் பவுடர் என்று எல்லாமே உள்ளே போயிருந்தன. அதற்குப் பிறகு அவள் தோலும் பழையபடி ஆகவில்லை. ஒன்றும் தின்னாமலே தடிப்புத் தடிப்பாக எழும்பும். தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கும். அப்போதே டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். "இது அரிப்புக்கும் தடிப்புக்கும்தான். தொண்டை அடைச்சா இந்த மாத்திரை காப்பாத்தாது, ஊசிதான் காப்பாத்தும்."

நான் வேலையை விடு என்றேன். ஒரு தடவையா இரண்டு தடவையா, எதிரில் பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கம்பெனியில் அவளை ருசி அறையிலிருந்து எடுத்து, பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் கையால் எழுதிய தாள் வந்தால்தான் பழைய இடம். அதுவும் வெறும் பழைய இடம் இல்லை, அந்த அறைக்கே அவளைத் தலைமையாகப் போடுவதாகப் பேச்சு. "எட்டு வருஷ உழைப்பு அத்தை" என்பாள்.

எது ஆகாது என்று கண்டுபிடிக்கத் தோலில் ஒரு பரிசோதனை உண்டு என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"ஏழு நாளைக்கு இந்த மாத்திரை ஒண்ணுகூடப் போடக்கூடாது. சில சளி மருந்துலகூட இது கலந்திருக்கும், அதையும் தொடாதீங்க."

"போட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டவள் நான்தான்.

"தோல்ல எதுவும் எழும்பாது. இருக்கிற அலர்ஜி இல்லாத மாதிரி காட்டிடும்."

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. என் காதால் கேட்டேன், தலையையும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தாள். "இதை எங்கயாவது வச்சிருங்க அத்தை. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க." நான் அதை என் துணி அலமாரியில், பழைய சீருடைக்கு அடியில் வைத்தேன்.

முதல் இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் முதுகிலும் வயிற்றிலும் தடிப்பு கிளம்பியது. நான்காம் நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் சத்தமே இல்லை. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து, சீப்பை வைத்துக் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். சீப்பின் பல்லில் ரத்தம். கழுத்து முழுக்கச் சிவந்து, கை வைக்க இடமில்லாமல் தடித்திருந்தது. இடது கண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. உதட்டோரமும் லேசாகப் புடைத்திருந்தது.

அந்த உதட்டைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணுக்கு வந்தது. ஈரத் துண்டை எடுத்து அவள் முதுகில் போர்த்தினேன்.

"போதும்டி. ஒண்ணு போட்டுத் தொலை. பரிசோதனையை அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

"முடியாது அத்தை. திரும்பத் தேதி வாங்க ரெண்டு மாசம் ஆகும். இன்னும் மூணு நாளுதான்."

"கண்ணு மூடிக்கிட்டு இருக்குடி!"

"மூச்சு நல்லா வருது. அது போதும். டாக்டரம்மாவுக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். மூச்சு முட்டினா மட்டும் உடனே வரச் சொன்னாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க போய்ப் பாலைக் காச்சுங்க. இங்க நின்னு என்னைப் பயமுறுத்தாதீங்க."

அவள் மாத்திரையைக் கேட்கவில்லை. இதைச் சொல்லியே ஆகவேண்டும். காலில் விழுந்தாலும் கொடுக்காதே என்றவள், விழவும் இல்லை, கேட்கவும் இல்லை. தாங்கமுடியாமல் போனது எனக்குத்தான்.

பால் கொதிக்கும்போது நான் அலமாரிக்குப் போனேன். ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, கரண்டியின் முதுகால் நசுக்கினேன். பாதிதானே, பாதி என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கசக்குமே என்று இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டேன். இவ்வளவையும் யோசித்துச் செய்தவளுக்கு, செய்யக்கூடாது என்று மட்டும் யோசனை வரவில்லை பாருங்கள்.

"இனிப்பு ஜாஸ்தியா இருக்கே அத்தை."

"களைச்சுப் போயிருக்க. குடி."

குடித்தாள். ஒரு மணி நேரத்தில் சொறிவது குறைந்தது. சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவள் கழுத்துச் சிவப்பு வடிவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு நாளில் முதல் தடவையாக என் நெஞ்சு லேசானது.

மறுநாள் காலையில் அவள் துள்ளிக் குதித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அத்தை, பாருங்க! மாத்திரை இல்லாமலே குறைஞ்சிருக்கு! தானாவே அடங்குது அத்தை. உடம்பு தேறுது!"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது, எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். "நான்தான் சொன்னேனே, தேறிடுவன்னு" என்று வேறு அளந்தேன்.

பொய்க்கு ஒரு கெட்ட குணம், ஆரம்பித்தவளை அது விடாது. அன்று சாயங்காலம் கொடுக்காவிட்டால் திரும்பத் தடிக்கும், அவள் முகம் வாடிப்போகும். கொடுத்தேன். ஆறாம் நாளும் கொடுத்தேன். ஏழாம் நாள் மட்டும் நிறுத்தினேன். ஒரு நாள் இடைவெளி போதும், உடம்பிலிருந்து எல்லாம் போயிருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எந்த டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்?

பரிசோதனை அன்று அவள் கையை மேசையில் நீட்டி வைத்தார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் சின்ன ஊசியால் குத்தினாள் நர்ஸ். முதல் சொட்டைக் காட்டிச் சொன்னாள். "இது யாருக்குப் போட்டாலும் கொசு கடிச்ச மாதிரி தடிக்கும். தடிச்சாத்தான் தோல் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

கால் மணி நேரம் காத்திருந்தோம். நான் அந்த முதல் சொட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தடி, தடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். தடித்தது. ஆனால் ஒரு கடுகு அளவுக்குத்தான். மற்ற இடங்களில் ஒன்றும் இல்லை, குத்திய புள்ளி மட்டும்.

நர்ஸ் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். "மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. ஏழு நாளும் எப்படி இருந்தேன்னு அத்தையைக் கேளுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "ரொம்பக் கஷ்டப்பட்டா பாவம்" என்றேன். அதில் பொய் இல்லை. பொய் இல்லாத ஒரு வாக்கியத்தை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டேன்.

"சரி, சின்னதா இருந்தாலும் வந்திருக்கு. சிலருக்குத் தோலே இப்படித்தான்" என்று எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, எதற்கும் அலர்ஜி காட்டவில்லை என்றார். மருமகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். "ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க" என்று அவர் தொடர்ந்தார். "அடுத்த வாரம் இங்க வாங்க. எங்க கண் முன்னால, துளித் துளியா சாப்பிட வச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் பழைய பத்தியம்தான்." அதை இரண்டாவது தாளில் எழுதியும் கொடுத்தார். அடுத்த வாரம் என்றதும் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அங்கே டாக்டர் இருக்கிறார், ஊசி இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குள் எப்படியாவது சொல்லிவிடலாம்.

அன்று சாயங்காலம் சொல்லத்தான் நினைத்தேன். அவள் போனில் என் மகனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா, நீ மட்டும் இல்லேன்னா அவ இந்த ஏழு நாளைத் தாண்டியிருக்கமாட்டாளாம். அவளே சொல்றா" என்றான். ஊரையே கூப்பிடுகிற வாய் எனக்கு. ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை பத்தே காலுக்கு, கூண்டில் இருக்கும்போது அவளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "தாளைக் காட்டினேன். இன்னைக்கே ருசி அறை! பதினொரு மணிக்குப் புது எள்ளு பிஸ்கட், முதல் ஆளா நான்தான். வரும்போது உங்களுக்கு ஒரு பாக்கெட்."

எந்தத் தாளைக் காட்டினாள்? முதல் தாளை மட்டும் காட்டியிருக்கிறாள். அந்தத் தாளில் எல்லாமே இல்லை, இல்லை, இல்லை என்று இருந்தது. இரண்டாவது தாள் அவள் பையிலேயே கிடந்திருக்கும். சந்தோஷம் கண்ணை மறைக்காதா? அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவள் நான்.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ருசி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். கம்பெனி எண்ணுக்குப் போட்டால் பாட்டு பாடியது. மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பக்கம் போகிற பஸ் நான்காம் மேடையில் கிளம்பிக்கொண்டிருந்தது. நானே இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அறிவித்த பஸ். கதவைத் தட்டி ஏறினேன். டிரைவர் என் குரலை மட்டும் தெரிந்தவன், முகம் தெரியாதவன். "மெதுவாம்மா" என்றான். "நீ மெதுவா ஓட்டாதப்பா" என்று கத்தினேன்.

எட்டு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஆட்கள் ஏறினார்கள், சில்லறை தேடினார்கள், வழியில் நின்று கதை பேசினார்கள். அவர்களைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல் ஆத்திரம் வந்தது. எல்லா ஆத்திரமும் என் மேல்தான். மூச்சு அடைத்த அந்த முகம் திரும்பத் திரும்ப வந்தது. கடவுளே, அவள் வாயில் வைப்பதற்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று வேண்டினேன்.

இறங்கும்போது பதினொன்று அடிக்க இரண்டு நிமிஷம். வாசலில் காவலாளி மறித்தான்.

"யாரைப் பார்க்கணும்?"

"ருசி அறையில என் மருமக. அவ எதையும் திங்கக்கூடாது. உள்ள போன் பண்ணுப்பா."

"மாமியாரா?" என்று சிரித்தான். "வீட்டுல போட்ட சண்டை பத்தலையா? இங்கயும் பட்டினி போட வந்தீங்களா?"

அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். இன்றுவரை நான் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. "போன மாசத்துக்கு முந்தின மாசம் இங்கருந்து ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போனீங்களே, அவதான்! இப்ப திரும்பவும் விழப்போறா!" அவன் முகம் மாறியது. கேட்டைத் திறந்துவிட்டு எனக்கு முன்னால் அவனே ஓடினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளமான மேசை. வெள்ளைத் தொப்பி போட்ட ஐந்தாறு பேர். நடுவில் என் மருமகள், தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்து விளிம்பைக் கடித்தாள்.

"துப்பு!" என்று கத்தினேன். "துப்புடி!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன். அவள் திகைத்துப்போய் வாயில் இருந்ததைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். மேற்பார்வைக்காரர் என்னைத் தடுக்க வந்தார். அவள் அவரிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னாள், "மன்னிச்சிருங்க சார். அத்தைக்கு நான் இந்த வேலைக்கு வர்றதே பிடிக்காது. பயந்த சுபாவம்." பிறகு என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. "அத்தை, தாள்ல ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு. நீங்களும்தான கூட இருந்தீங்க? போங்க அத்தை. என்னை அசிங்கப்படுத்தாதீங்க."

சொல்லிக்கொண்டே திரும்பவும் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். நான் தட்டைத் தட்டிவிட்டேன். பிஸ்கட் தரையெல்லாம் சிதறியது.

"அந்தத் தாள் பொய். உன் பால்ல நான் மாத்திரை கலந்து குடுத்தேன். மூணு சாயங்காலம் குடுத்தேன். உனக்கு அலர்ஜி இருக்கு, தோல்ல தெரியாம நான் பண்ணிட்டேன்."

யாரோ ஒரு பெண் "ஐயோ, மாமியாரா" என்று முனகினாள். என் மருமகள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், தொண்டையைச் செருமினாள். இன்னொரு தடவை செருமினாள். கை தன்னால் கழுத்துக்குப் போனது.

"அத்தை" என்றாள். குரல் கம்மியிருந்தது. "கொஞ்சம் உள்ள போயிருச்சு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. போன தடவை அவள் விழுந்த பிறகு கம்பெனியில் அந்த ஊசியை வாங்கி வைத்திருந்தார்கள். முதலுதவிக்காரப் பெண் பெட்டியோடு ஓடி வந்தாள். "எள்ளு. அலர்ஜி. போன தடவை தொண்டை அடைச்சுது" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் ஒரு கேள்வி கேட்காமல் துணிக்கு மேலேயே தொடையில் குத்தினாள். மருமகளைத் தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். உதடு வீங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அவள் மூச்சு விசில் அடித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா வருமா என்று என் உயிர் போய்ப் போய் வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்னொரு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் விசில் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு, எந்தெந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், மருமகள் கண்ணைத் திறந்தாள். முகம் இன்னும் உப்பலாகத்தான் இருந்தது.

"எந்தெந்த நாள் அத்தை?"

"நாலாம் நாள், அஞ்சாம் நாள், ஆறாம் நாள்."

"அப்ப, அஞ்சாம் நாள் காலையில நான் வந்து கையைக் காட்டினேனே."

"ஆமாம்மா."

"உடம்பு தேறுதுன்னு குதிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க."

தலையை ஆட்டினேன்.

"நீங்க மாத்திரை குடுத்ததைக்கூட நான் புரிஞ்சுப்பேன் அத்தை. நான் சொறியறதை உங்களால பார்க்கமுடியல. ஆனா நீங்க கூடச் சேர்ந்து சிரிச்சீங்களே. அதைத்தான் என்னால தாங்கமுடியல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. மன்னித்துவிடு என்றேன். மன்னிக்கவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தாள். துணைக்கு இருக்கிறவளிடம் கொடுப்பதுதானே வழக்கம்? என்னிடம் நீட்டினாள். நானும் வாங்கக் கையை நீட்டினேன்.

"என் கையில குடுங்க" என்றாள் மருமகள். "என்ன மாத்திரைன்னு சொல்லிட்டுக் குடுங்க."

நர்ஸ் பெயரைச் சொன்னாள். அரிப்புக்கும் தடிப்புக்கும் என்றாள். மருமகள் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு விழுங்கினாள். நான் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க பையன் வந்துட்டே இருக்காரு" என்றாள். "என்ன ஆச்சுன்னு கேப்பாரு. நான் சொல்லமாட்டேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்தக் கணத்துக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

"நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அவன் சரக்கைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருந்தான். கால் தரையில் பாவாமல் உள்ளே ஓடி வந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். "பயந்துட்டியாம்மா? நீ ஓடிப் போய்க் காப்பாத்தினியாமே. கம்பெனிக்குப் போன் பண்ணினப்ப வாசல் காவலாளி சொன்னான்" என்றான். சின்ன வயதில் பயந்துபோனால் என்னிடம் ஒட்டிக்கொள்வானே, அதே மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றான்.

மருமகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பாத்தலடா" என்றேன். "அவ குடிக்கிற பால்ல, அவளுக்குத் தெரியாம, நான்தான் மாத்திரை கலந்தேன்."

என் தோளில் இருந்த கையை அவன் எடுத்துவிட்டான். நான் மீதியையும் சொன்னேன்.